பழைய கன்சோல் மேசை: தேர்ந்தெடுப்பது முதல் சுவரோடு சேர்ப்பது வரை

சுவரையொட்டி நிற்கும் குறுகிய மேசையான கன்சோல் மேசையை வாங்க நினைப்பவர்கள் நேரே கடைக்குப் போய் மேசைகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவரை. சாப்பாட்டு மேசை, எழுதும் மேசை, டீப்பாய் எல்லாம் அறையின் நடுவிலும் நிற்கும், ஓரத்திலும் நிற்கும். கன்சோலுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. உள்வாங்கிய குறுகிய உடம்பு, அலங்காரமே இல்லாத முதுகு. பழைய ஐரோப்பியக் கன்சோல்கள் பலவற்றுக்குப் பின்கால்களே இருக்காது. சுவரின் ஓர் உறுப்பாகவே அதைச் செய்தார்கள். இதை மனத்தில் பிடித்துக்கொண்டால் எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது, எங்கே வைப்பது, மேலே என்ன மாட்டுவது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

1. சுவரை அளந்துகொள்ளுங்கள்

கன்சோலின் வழக்கமான உயரம் 75 முதல் 85 செ.மீ., முன்பின் அகலம் 30 முதல் 45 செ.மீ. நீளம்தான் மேசைக்கு மேசை மாறும். வைக்கப்போகும் இடத்தில் மேசைக்கு முன்னால் நடப்பதற்கு 90 செ.மீ. மிஞ்ச வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் நடைவழியில் இந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். அங்கே 25 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாத மேசையைத் தேடுங்கள், அல்லது அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தரையில் அதே அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டி, வீட்டில் எல்லோரையும் சில நாள் அதைத் தாண்டி நடக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, சுவரின் அடியில் ஓடும் டைல் பட்டி. அது ஒரு செ.மீ. முன்னால் துருத்திக்கொண்டிருந்தாலும் மேசையின் பின்விளிம்பு சுவரை விட்டு விலகி நிற்கும். சாவியும் பேனாவும் அந்த இடுக்கில்தான் விழும். இன்னொன்று ஓதம். தரைத்தள வீட்டில் சுவரின் அடிப்பகுதி உப்புப் பூத்தோ சுண்ணாம்பு உதிர்ந்தோ இருந்தால் அங்கே பழைய மரம் வேண்டாம். சுவரைச் சரிசெய்த பிறகு மேசையைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாகச் சுவரைத் தட்டிப் பாருங்கள். செங்கல் சுவரா, உள்ளீடற்ற பலகைத் தடுப்பா என்பது, சுவரில் பொருத்த வேண்டிய வகையை வாங்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும். வாடகை வீடென்றால் யோசனையே வேண்டாம், நான்கு கால் உள்ளதை வாங்குங்கள்.

2. வரலாற்றைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்

வரலாறு இங்கே பொழுதுபோக்குக்காக இல்லை. கடைக்காரர் ஒரு மேசையைக் காட்டி ‘பிரெஞ்சு’, ‘விக்டோரியன்’, ‘நூறு வருஷம்’ என்று சொல்லும்போது தலையாட்டுவதா வேண்டாமா என்பது இதைப் பொறுத்தது.

கன்சோலின் பிறப்பு 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், இத்தாலியிலும் பிரான்சிலும். ரோம் நகர மாளிகைகளில் அதைத் தச்சர்களைவிடச் சிற்பிகளே அதிகம் செய்தார்கள்: மனித உருவங்களும் இலைக் கொடிகளும் தாங்கி நிற்க, மேலே கனத்த பளிங்குப் பலகை. பிரான்சில் அது பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையோடு சேர்ந்து வளர்ந்தது. 1684இல் முடிந்த அதன் கண்ணாடிக் கூடத்தில் 17 சாளரங்களுக்கு எதிரே 17 வளைவுகள். அவற்றில் 357 கண்ணாடிகள். அந்தக் கூடத்துக்கென்று மேசைகளையும் விளக்குத் தாங்கிகளையும் வெள்ளியிலேயே வார்த்திருந்தார்கள். 1689இல் போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் அரசன் அவற்றை உருக்கச் சொல்லிவிட்டான். மாளிகைகளில் நிலைத்தது, மரத்தில் செதுக்கிப் பொன் தாள் ஒட்டிய கன்சோல்தான்.

அன்றைய பிரெஞ்சு மாளிகையில் சுவரை மூடிய மரப்பலகை வேலையும் கன்சோலும் ஒரே வடிவமைப்பில், ஒரே செதுக்குத் தச்சர்களின் கையில் உருவாயின. மேற்பலகைக்கு, அந்த அறையின் கணப்படுப்பைச் சுற்றியிருந்த பளிங்கின் வகையையே தேடிப் போட்டார்கள். அதனால்தான் இன்று ஏலத்தில் தனியாக நிற்கும் அத்தகைய மேசை கொஞ்சம் அநாதையாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் பின்னால் இருந்த காரணம் வெளிச்சம். இரண்டு சாளரங்களுக்கு நடுவே உள்ள சுவர்ப்பட்டைதான் பகலில் அறையின் மங்கலான இடம். அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது. அங்கே ஓர் உயரமான கண்ணாடி, அதன் காலடியில் ஒரு குறுகிய மேசை, மேசைமேல் மெழுகுவத்திக் கொத்து. இரவில் ஒவ்வொரு சுடரும் இரண்டாகும். பளிங்குப் பலகைக்கு மெழுகு சொட்டினாலும் கவலையில்லை. பொன்பூச்சும் செல்வத்தைக் காட்ட மட்டும் இல்லை. மினுங்கும் சுடரை வாங்கி அறைக்குள் திருப்பிவிடும் வேலையும் அதற்கு இருந்தது. மின்விளக்கின் நேர் வெளிச்சத்தில் இந்த மேசைகள் சில சமயம் பகட்டாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். அவற்றைச் செய்தவர்கள் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டதில்லை.

இங்கிலாந்து இதே சுவர்ப்பட்டை மேசையை எடுத்துக்கொண்டு தன் போக்கில் மாற்றியது. வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட் (1685–1748) காலத்தில் சிறகு விரித்த பொற்கழுகு பளிங்கைத் தாங்கும் கன்சோல் நாகரிகமாக இருந்தது. எனக்கு அது மேசையைவிட மிரட்டலாகவே படும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் (1728–1792) எல்லாவற்றையும் மெலிய வைத்தார்: அரைவட்டப் பலகை, கீழே போகப் போகச் சிறுக்கும் நேர்கால்கள், மெல்லிய மாலை வேலைப்பாடு, பொன்மஞ்சள் நிற மரத்தின் வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு). அந்தப் பொன்மஞ்சள் மரம் முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போனது. பிறகு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனது. இப்படிப் பின்னால் போனதுதான் நாம் முதிரை என்று சொல்லும் மரம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் முதிரை போட்டவர்களுக்கு அதன் கனமும் மினுக்கும் நன்றாகவே தெரியும். லண்டன் தச்சர்கள் அதையே தாளாக அறுத்து மேசைமேல் ஒட்டினார்கள்.

நெப்போலியன் காலத்தில் வளைவுகள் போய்த் தூண்கள் வந்தன. கனத்த மகோகனி, வெண்கலப் பூண்கள், பின்புறக் கீழ்ப்பகுதியில் கண்ணாடி. 1806இல் பிரிட்டனுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் கடல் கடந்து வரும் மகோகனி அருகியபோது, பிரெஞ்சுத் தச்சர்கள் உள்ளூரின் வெளிர்நிற மரங்களுக்கு மாறினார்கள். 1803இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த ஷார்ல் ஓனோரே லானுயே என்ற பிரெஞ்சுத் தச்சர், 1819இல் இறப்பதற்குள் இந்தப் பாணியை அங்கே வேரூன்றச் செய்துவிட்டார். கீழே இருக்கும் கண்ணாடி, பெண்கள் பாவாடை ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு என்று கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். முன்கால்களைக் கண்ணாடியில் இரட்டித்துக் காட்டவும், தரையின் வெளிச்சத்தைத் திருப்பவும் வைத்தது அது.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இயந்திரங்கள் நுழைந்தன; எல்லாப் பழைய பாணிகளும் மறுபடி வந்தன. இன்று ‘லூயி’ என்ற பெயரில் விற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த மறுபதிப்புகள் அல்லது அவற்றின் மறுபதிப்புகள். பிறகு 1925 பாரிஸ் கண்காட்சியை ஒட்டிப் புகழ்பெற்ற ஆர்ட் டெக்கோ என்ற அலங்காரப் பாணி. பிரெஞ்சு இரும்புக் கலைஞர் எட்கார் பிராண்ட் அடித்துச் செய்த இரும்புக் கன்சோல்கள், மேலே பளிங்கு, கீழே சுருள் சுருளாக இரும்பு. ஒரு சின்ன வீட்டுக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் இந்தக் காலத்துப் பக்கமே கை காட்டுவேன். கோடுகள் சுத்தமாக இருக்கும், அடியில் இடம் தெரியும், மற்றப் பொருள்களோடு சண்டை போடாது.

நம் ஊர்த் தச்சர்களும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களுக்காகவும் வணிகர்களின் மாளிகைகளுக்காகவும் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் (ரோஸ்வுட்) இந்தப் பாணிகளைத் தங்கள் கைக்கேற்ப மாற்றிச் செய்தார்கள். ஐரோப்பாவில் வெனீர் ஒட்டிய இடத்தில் இங்கே முழுக்கட்டையே இருக்கும். கனத்தைத் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

கடையில் பாணியை அடையாளம் காண முதலில் காலைப் பாருங்கள். வளைந்து வெளியே பிதுங்கி உள்ளே திரும்பும் கால் பதினைந்தாம் லூயி காலப் பாணி. வரியோடி நேராகச் சிறுக்கும் கால் அதற்குப் பிந்தியது. தூண் போன்றது நெப்போலியன் காலத்துப் பாணி. கனத்த கடைசல் கால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. ஆனால் பாணியின் காலம் வேறு, மேசையின் வயது வேறு. பதினைந்தாம் லூயி பாணி மேசையைப் போன மாதம்கூடச் செய்திருக்கலாம்.

3. எங்கே தேடுவது, எதற்குச் சந்தேகப்படுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, புதுச்சேரியின் பழம்பொருள் கடைகள் ஆகியவை நம் பக்கத்தில் போய்ப் பார்க்கத் தக்கவை. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்த காலம் ஒன்று உண்டு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அந்தச் செல்வத்தின் ஊற்று அடைபட்டது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் வீடுகள் இடிபட்டபோது நிலை, கதவு, தூண், கண்ணாடி எல்லாம் கடைக்கு வந்தன. அங்கே கன்சோல் என்று நிற்பவற்றில் பல, இப்படி வந்த உறுப்புகளை வைத்துப் புதிதாகக் கோத்தவை: கதவுப் பலகை மேலே, கைப்பிடித் தூண்கள் கீழே. அது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மரம் பழையது, வேலை புதியது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். பழைய தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் காலுக்கு மேல் தேக்குப் பலகையோ பளிங்கோ போட்டதும் அப்படித்தான். எதையும் மறைக்காத பொருள், நடைவழிக்கு அருமையான அளவு.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. அரைவட்டக் கன்சோல் என்று காட்டும் மேசை, நீளும் சாப்பாட்டு மேசையின் ஒரு நுனியாக இருக்கலாம். ஆங்கிலேயச் சாப்பாட்டு மேசைகளில் இரண்டு நுனியும் அரைவட்டமாகவே இருக்கும், நடுப்பலகைகள் தொலைந்துபோனால் நுனிகள் தனியாக விலைக்கு வரும். பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள். பலகைகளைக் கோக்கும் பள்ளங்களோ அவற்றை அடைத்த மரத்துண்டுகளோ தென்பட்டால் கதை வெளிவந்துவிடும். சீனத்துப் பூசை மேசைகளும் இப்படியே கன்சோலாகின்றன. ஆனால் அவை முழுமையானவை, நீளமும் குறுகலும் பொருத்தமானவை, நன்றாகவே இருக்கும்.

யானைத் தந்தம் பதித்தது என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் இந்தியாவில் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

4. கவிழ்த்துப் பாருங்கள்

மேற்புறத்தை யார் வேண்டுமானாலும் பளபளக்க வைக்கலாம். அடிப்புறத்தில் பொய் சொல்வது கடினம். கடைக்காரர் கவிழ்க்க மறுத்தால் டார்ச் விளக்கோடு நீங்களே குனிந்து பாருங்கள்.

இழைப்புளியால் கையால் இழைத்த பலகையில் விரலை ஓட்டினால் மெல்லிய அலை தட்டுப்படும். அறுத்த தடங்கள் நேர்கோடாக, சற்றே சீரற்று இருந்தால் கைரம்பம்; வில்போல் வளைந்திருந்தால் வட்டரம்பம், அதாவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால் பகுதிக்குப் பிந்தையது. திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நுனி மழுங்கி, தலையின் வெட்டு நடுவை விட்டு விலகியிருந்தால் கையால் செய்த பழைய திருகாணி. கூர்நுனி வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். தலையில் கூட்டல்குறி வெட்டு இருந்தால் 1930களுக்கு முன் அது சாத்தியமே இல்லை. மேசை பழையதாக இருந்தாலும் யாரோ பின்னால் கை வைத்திருக்கிறார்கள்.

வெனீர் உள்ள மேசையில் விளிம்பு பெயர்ந்த இடம் ஒன்று கிடைக்காமல் போகாது. கைரம்பத்தால் அறுத்த பழைய வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். இயந்திரம் சீவியது தாள்போல் இருக்கும். அதன் அடியில் அடுக்கடுக்காகப் பிளைவுட் தெரிந்தால் 19ஆம் நூற்றாண்டு என்ற பேச்சைப் பெரும்பாலும் முடித்துவிடலாம்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது: ஆண்டு வளையங்களின் போக்கில் அதிகமாகவும், அவற்றுக்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். ஆகவே உண்மையிலேயே பழைய கடைசல் காலை அளந்து பார்த்தால் துல்லியமான வட்டமாக இராது, ஒரு பக்கம் மயிரிழை குறைந்திருக்கும். இழுப்பறை இருந்தால் வெளியே எடுங்கள்: அடிவிளிம்பு தேய்ந்திருக்கிறதா, அது ஓடும் சட்டமும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கிறதா? ஒன்று தேய்ந்து இன்னொன்று புதிதாக இருந்தால் இரண்டு மேசைகள் சேர்ந்து ஒன்றாகியிருக்கின்றன. தேய்மானம் கை படும் இடத்திலும் கால் இடிக்கும் இடத்திலும் இருப்பதே இயல்பு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலால் கறுக்கவைத்து, சங்கிலியால் அடித்து முதுமை கொடுத்த மேசையில் வடு எல்லா இடத்திலும் ஒரே சீராக விழுந்திருக்கும்.

பொன்பூச்சு என்றால் நிறம் உதிர்ந்த இடங்களைப் பாருங்கள். முறைப்படி செய்ததில் மரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணமும் வச்சிரமும் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சி எடுத்த பசை) கலந்த பூச்சு, அதன்மேல் செம்மண் போன்ற களிமண் பூச்சு, அதற்கும் மேல் பொன் தாள் இருக்கும்; தேய்ந்த மேடுகளில் அந்தச் சிவப்பு எட்டிப்பார்க்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் தாள் ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்குமுறை விளங்கும். பித்தளைத்தூள் பெயின்ட் அடித்தது நாளடைவில் பழுப்பாகவும் பச்சையாகவும் மங்கும், பொன் மங்காது.

மேசையோடு கண்ணாடியும் வந்தால், நாணயத்தின் விளிம்பை அதன்மேல் வைத்து நாணயத்துக்கும் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பழைய கண்ணாடி பெரும்பாலும் மெல்லியது, இடைவெளி குறைவு. 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளிப்பூச்சு முறையைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஈயமும்—சரியாகச் சொன்னால் வெள்ளீயமும்—பாதரசமும் சேர்த்தே கண்ணாடி செய்தார்கள். சாம்பல் சாயலும் ஆங்காங்கே உப்புப்போல் மினுங்கும் புள்ளிகளும் அதன் அடையாளம். அத்தகைய கண்ணாடியின் முதுகைச் சுரண்டாதீர்கள், பாதரசம் விளையாட்டுப் பொருள் இல்லை.

5. வாங்கியபின் செய்ய வேண்டிய பழுது

முதல் வேலை பூச்சிப் பரிசோதனை. வீட்டுக்குள் கொண்டுவரும் முன் மாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ மேசைக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். வெளிர்நிறத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. துளைகள் மட்டும் இருந்து தூள் விழவில்லை என்றால் பெரும்பாலும் பழைய தாக்குதல். பெரிய கவலை இல்லை. உயிருள்ள துளைகளில் மரத்துக்கான பூச்சி மருந்தை ஊசியால் செலுத்தி, பாலித்தீனால் மூடிக் கட்டிவையுங்கள். காலின் உள்ளே மண் கோடு தெரிந்தால் அது கரையான். அந்தக் காலைத் தட்டிப் பார்த்து, ஓசை பொத்தென்று கேட்டால் மேசையைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

ஆடும் மூட்டுகளுக்கு ஆணி அடிக்க வேண்டாம். எத்தனையோ நல்ல மேசைகள் செத்தது இப்படித்தான். பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம் வெந்நீரில் இளகும். மூட்டைக் கழற்றி, பழைய பசையை நனைத்துத் துடைத்து, மறுபடி வச்சிரமே போட்டு இறுக்கினால் அடுத்த தலைமுறையும் அதைக் கழற்ற முடியும்.

மேற்பூச்சைத் தொடுவதற்கு முன் அது என்னவென்று தெரிய வேண்டும். கண்ணுக்குப் படாத இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள். பிசுபிசுத்தால் அவலரக்கு (ஷெல்லாக்) பூச்சு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேசைகளுக்கெல்லாம் பளபளப்புக் கொடுத்த பிரெஞ்சு பாலிஷின் மூலப்பொருளான அரக்கு, கப்பலேறியது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான். அவலரக்குப் பூச்சை முழுவதும் உரித்து எறிய வேண்டியதே இல்லை. கற்பூரத் தைலத்தில் (டர்பன்டைன்) நனைத்த துணியால் அழுக்கை எடுத்துவிட்டு, மேலே மெல்லிய புதுப் பூச்சுக் கொடுத்தால் போதும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கு போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, நனைத்து, இழையோடு நிற்காமல் இழுத்துத் தேய்க்க வேண்டும். நடுவில் நின்றால் கறை. அடுப்போ விளக்கோ அருகில் எரியக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காற்றின் ஈரத்தில் பூச்சு வெண்மூட்டமாகிவிடும். மாசி, பங்குனி நல்ல காலம்.

மரத்தை உரிக்கும் இயந்திரத்தோடு வரும் ஆளைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உப்புத்தாளைச் சுழற்றும் அந்தக் கருவி, நூறாண்டு கையும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கிய நிறத்தை அரை மணி நேரத்தில் தூளாக்கிவிடும். வெனீர் இருந்தால் அதுவும் போகும்.

பொன்பூச்சை ஈரத்துணியால் துடைப்பது மிகப் பெரிய ஆபத்து. அடியிலுள்ள சுண்ணமும் களிமண்ணும் நீரில் கரையும், பொன் தாளும் கூடவே வந்துவிடும். மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. சுவரில் பொருத்துவது

முன்கால் மட்டுமே உள்ள கன்சோலுக்குச் சுவர்தான் பின்கால். கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள பளிங்குப் பலகை மட்டுமே ஏறக்குறைய 26 கிலோ வரும். மேசையின் மரத்தில் துளையிடாமல், மேசையின் நீளத்துக்குச் சற்றே குறைவான தேக்குச் சட்டம் ஒன்றை ஆங்கர் போல்ட் போட்டுச் சுவரில் பதித்து, அதன்மேல் மேசையின் பின்சட்டத்தை உட்கார வைப்பது நல்ல முறை. முன்கால் தரையைத் தொடும் உயரத்தை மட்டம் பார்த்துக் குறித்தபின்பே சட்டத்தைப் பதியுங்கள். பளிங்கு கடைசியில்தான் ஏற வேண்டும். நான்கு கால் மேசையாக இருந்தாலும் வீட்டில் ஏறித் தொங்கும் வயதுக் குழந்தை இருந்தால் பின்பக்கம் இரண்டு இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

7. மேலே என்ன, கீழே என்ன

மெழுகுவத்திக் காலத்து விதி இன்றைக்கும் பொருந்துகிறது: அறையின் மங்கலான சுவருக்குக் கன்சோலைக் கொடுங்கள், மேலே கண்ணாடி, பக்கத்தில் விளக்கு. விளக்கு மேலிருந்து கொட்டாமல், மேசைமேல் நின்று பக்கவாட்டில் பரவ வேண்டும். வெதுவெதுப்பான மஞ்சள் ஒளி பல்பு. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் ஏற்றிப் பார்த்தால் பழைய மரமும் பொன்பூச்சும் எதற்காகச் செய்யப்பட்டன என்று தெரியும்.

கண்ணாடியின் அகலம் மேசை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அமைதியாக இருக்கும். மேசையைவிட அகலமான கண்ணாடி கழுத்தை நெரிக்கும். மேசைப் பரப்புக்கும் கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள்; அதைவிட உயர்ந்தால் இரண்டும் உறவு விட்டுப்போகும். கண்ணாடி எதைக் காட்டும் என்பதையும் மாட்டுவதற்கு முன் பாருங்கள். முற்றத்தையோ செடியையோ காட்டினால் வீடு இரட்டிக்கும். குளியலறைக் கதவைக் காட்டினால் அதுவும் இரட்டிக்கும்.

மேசைமேல் பொருள்களைச் சமச்சீராக, இந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, அந்தப் பக்கம் ஒரு குத்துவிளக்கு, நடுவில் பிள்ளையார் என்று வைப்பது நம் கைப்பழக்கம். ஆடம் பாணி அரைவட்ட மேசைக்கு அது பொருந்தும், அதன் உடம்பே அப்படிப்பட்டது. வளைந்த கால் மேசைக்கோ ஆர்ட் டெக்கோ இரும்புக்கோ ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு என்று வைப்பது அழகு: உயரமான விளக்கு ஒரு ஓரம், தாழ்ந்த உருளியில் பூ மறு ஓரம். பரப்பில் பாதியாவது வெறுமையாக இருக்கட்டும். பளிங்கின் கோடுகளையோ மரத்தின் வரிகளையோ பார்க்கத்தானே வாங்கினோம்? செதுக்கு வேலை அடர்ந்த மேசைக்கு மேலும் அடர்ந்த பொருள்களை அடுக்குவது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

கீழே என்ன வைப்பது என்பதில் கால்களே தீர்ப்புச் சொல்லும். அழகான வளைகாலை மறைத்துக் கூடைகளை அடுக்குவது வீண். எளிய நேர்கால் மேசையாக இருந்தால் ஒரு பழைய டிரங்குப் பெட்டியோ பித்தளை அண்டாவோ கீழே நிற்கலாம். செருப்பு அலமாரியாக அதை மாற்ற வேண்டாம். வாசலில் வைத்த கன்சோல் தபாலும் சாவியும் ஹெல்மெட்டும் சேரும் இடமாகிவிடும். தடுக்க முடியாது, ஒரு தட்டு வைத்து எல்லை கட்டலாம்.

சோபாவின் முதுகுக்குப் பின்னால் வைப்பது புதிய வழக்கம். முதுகுப் பக்கம் முழுமையாக இழைத்த மேசையாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். சாப்பாட்டு அறையின் ஓரத்தில் பரிமாறும் மேசையாக வைக்கலாம், கன்சோலுக்கு மிகவும் உகந்த இரண்டாம் வாழ்வு அது. பளிங்கு மேற்பலகை இருந்தால் சூடான பாத்திரத்துக்கு அடியில் ஒரு பலகை போட மறக்க வேண்டாம்.

8. அன்றாடப் பராமரிப்பு

பழைய மேசைகளின் கால்களை நம் வீடுகளில் கெடுப்பது தினமும் தரை துடைக்கும் ஈரம். காலின் நுனிமரம் நீரை உறிஞ்சி, மேற்பூச்சு வெளுத்து, ஒரு நாள் உளுத்துப்போகும். காலின் நுனியை மூடும் பித்தளைக் குப்பி மாட்டுங்கள், இல்லையென்றால் காலின் அடியில் மெழுகு தடவி நைலான் வட்டு ஒட்டுங்கள்.

பளிங்கு நுண்துளை உள்ள கல். மஞ்சள், குங்குமம், விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் குடிக்கும். எலுமிச்சையும் புளியும் பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். விளக்கேற்றுவதானால் அடியில் தட்டு. அவலரக்குப் பூச்சுள்ள மரத்துக்குச் சூடான காபித் தம்ளர் வெள்ளை வளையம் போடும். கைகழுவும் சானிடைசரும் வாசனைத் திரவியமும் அதைக் கரைத்தே விடும், இரண்டிலும் ஆல்கஹால். வாசலில் கன்சோல், அதன்மேல் சானிடைசர் பாட்டில் என்ற ஏற்பாட்டை உடனே மாற்றுங்கள்.

நேர்வெயில் மகோகனியை வெளுக்கவைக்கும். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் வெனீர் பெயரும். வருடத்துக்கு இரண்டு முறை தேன்மெழுகு தேய்த்தால் போதும். தெளிக்கும் பாலிஷ்கள் வேண்டாம்.

9. வீடு மாறும்போது, நாடு மாறும்போது

பளிங்கைத் தனியாகக் கழற்றி, கதவைத் தூக்குவதுபோல் செங்குத்தாகவே தூக்க வேண்டும், வண்டியிலும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் தன் கனத்திலேயே நடுவில் விரிசல் விடும். கழற்றிய திருகாணிகளை ஒரு பையில் போட்டு மேசையின் அடியிலேயே ஒட்டிவையுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறாண்டுக்குக் குறைந்தது என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொள்ளலாம். ஈட்டி மரமாக இருந்தால் கூடுதல் சிக்கல்: அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதற்குத் தனி ஆவணம் தேவைப்படும். ‘நூற்றைம்பது வருஷ ஈட்டி’ என்று கடைக்காரர் பில்லில் எழுதித் தந்தால், அந்தக் காகிதமே சுங்கத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியாகும். வயதையும் மரத்தையும் உறுதிசெய்துகொண்டு, சான்றிதழ் கைக்கு வந்தபிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள்.